மூன்று கோட்டேஷன், ஒரே தாள்

கிள்ளானில் உள்ள எங்கள் பழைய பலகை வீட்டை உடைத்துக் கல்வீடு கட்டுவது என்று முடிவானதும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "நம்ம மாமாகிட்டயே கொடுத்துடலாம்."

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. அப்பாவின் முப்பது வருட நண்பர், சிறிய குத்தகையாளர். எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர். அவர் கொடுத்த கோட்டேஷன் ஒரே பக்கம்தான். 1,200 சதுர அடி, மாடியில்லாத வீடு, மொத்தம் 248,000 ரிங்கிட்.

நான் வேறு இரண்டு இடங்களிலும் கேட்டேன். ஒருவர் 289,000 என்றார். இன்னொருவர் 315,000 என்றார். மூன்றையும் மேசையில் வைத்தபோது அம்மாவே சொன்னார்: "அறுபத்தேழாயிரம் வித்தியாசம். இதுல யோசிக்க என்னடா இருக்கு?"

யோசிக்கத்தான் வேண்டியிருந்தது. அப்பா ஓய்வுபெற்றபோது வந்த இபிஎஃப் பணத்தின் மிச்சம், என் பெயரில் வங்கிக் கடன், என் செஜாத்ரா கணக்கில் வீட்டுக்காக எடுக்க முடிந்த தொகை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் வீடு. பாதியில் பணம் தீர்ந்தால் நான்காவது வழி எங்களுக்குக் கிடையாது.

வரைபடம் தயாரித்துக் கொடுத்த கட்டட வரைவாளரின் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சூறையாடிய பிறகு, பலகையும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லும் ஓடும்தான் என்று நகரம் மாறியபோது, சூளைகள் பெருகிப் பெயர் பெற்ற இடம் அது. மூன்று கோட்டேஷன்களையும் புரட்டிப் பார்த்த அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பைலிங் எத்தனை மீட்டர்னு போட்டிருக்காங்க?"

கிள்ளானில் வீடு கட்டுபவர்கள் இந்தக் கேள்வியை மறக்கவே கூடாது. இங்கே தரைக்குக் கீழே இருப்பது கடலோர மென்களிமண். 'கிள்ளான் களிமண்' என்று பொறியாளர்கள் தனியாகவே ஆய்வு செய்யும் அளவுக்குப் பேர்போனது. சில இடங்களில் அதன் ஆழம் 30 மீட்டரையும் தாண்டும். அதன் மேல் கல்வீடு நிற்க வேண்டுமானால் தூண்களைக் கெட்டித் தரை வரை இறக்க வேண்டும். எங்கள் நிலத்தில் மண் பரிசோதனை செய்து பார்த்ததில், 18 மீட்டர் என்று வந்தது. மொத்தம் 24 பைல்கள்.

மாமாவின் கோட்டேஷனில் "பைலிங் உட்பட" என்று இருந்தது. கேட்ட பிறகுதான் தெரிந்தது, அது 6 மீட்டர் வரை மட்டும். அதற்கு மேல் மீட்டருக்கு 75 ரிங்கிட். 12 மீட்டர், 24 பைல் என்று பெருக்கினால் 21,600 ரிங்கிட் கூடுதல். இரண்டாமவர் 12 மீட்டர் வரை சேர்த்திருந்தார். கூடுதலுக்கு மீட்டருக்கு 70, ஆக 10,080. மூன்றாமவர் 18 மீட்டரையும் சேர்த்தே விலை சொல்லியிருந்தார்.

அன்றிரவே ஒரு தாளில் கோடு போட்டு உட்கார்ந்தேன். இடப்பக்கம் வேலைகள், வலப்பக்கம் மூன்று பேர். யார் எதைச் சேர்க்கவில்லையோ, அங்கே அதன் விலையை எழுதினேன். மாமாவின் விலையில் வயரிங் இல்லை, 16,000. வெள்ளத்துக்காகத் தரைமட்டத்தை உயர்த்தும் மண் இல்லை, 14,500. செப்டிக் டேங்க் இல்லை, 9,000. டைல்ஸுக்குச் சதுர அடிக்கு 2 ரிங்கிட் மட்டும் ஒதுக்கியிருந்தார். அம்மா தேர்ந்தெடுத்தது 5 ரிங்கிட். 1,100 சதுர அடிக்கு 3,300 வித்தியாசம். இரண்டாமவரின் விலையிலும் செப்டிக் டேங்க் இல்லை, டைல்ஸுக்கு 1,100 குறைந்தது.

கூட்டிப் பார்த்தேன். மாமா 312,400. இரண்டாமவர் 309,180. மூன்றாமவர் 315,000. அறுபத்தேழாயிரம் வித்தியாசம் ஆறாயிரத்துக்குள் சுருங்கிவிட்டது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு வீட்டுக்கு விலை சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான்.

விலை சமமானதும் மற்ற விஷயங்கள் கண்ணில் பட்டன. மாமா 40 விழுக்காடு முன்பணம் கேட்டிருந்தார். வேலை தொடங்கும் முன்பே 99,200 ரிங்கிட் கைமாறிவிடும். மற்ற இருவரும் 10 விழுக்காடு, மீதி வேலை முடிய முடிய.

சட்டத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. மேம்பாட்டாளரிடம் வீடு வாங்கினால், சாவி வாங்கியதிலிருந்து 24 மாதங்களுக்குக் குறைகளைச் சரிசெய்து தர வேண்டியது அவர் பொறுப்பு. சொந்த நிலத்தில் நாமே ஆள் வைத்துக் கட்டினால் அந்தச் சட்டம் நம்மைக் காக்காது. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் நமக்குத் துணை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றாலும், அங்கே கோரக்கூடிய தொகைக்கு 50,000 ரிங்கிட் வரம்பு.

ஆகவே எழுத்தில் கேட்டோம். மொத்தத் தொகையில் 5 விழுக்காட்டைப் பிடித்து வைத்து, வீடு முடிந்து 12 மாதம் கழித்துக் கொடுப்பது. சிஐடிபி பதிவு நடப்பில் இருப்பதற்கான சான்று. சிசிசி என்னும் குடிபுகும் சான்றிதழ் கிடைத்த பிறகே கடைசித் தவணை. கூடுதல் வேலை எதுவானாலும் விலையை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே தொடக்கம்.

இதை மாமாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. வானொலியில் மணிக்கணக்கில் பேசுகிறவன் நான். அவர் எதிரில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தாளை நீட்டியதும் அவர் அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். "இத்தனை வருஷப் பழக்கத்துல பேப்பர் எதுக்குடா?"

அப்பா மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் காலையில் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "அவன் கெட்டவன் இல்ல. ஆனா நாளைக்குக் காசு பத்தலன்னா, அவன்கிட்ட சண்டை போட என்னால முடியாது. சண்டை போட முடியிற ஆளா பாரு." கோட்டேஷனைப் பற்றி நான் கேட்டதிலேயே நல்ல அறிவுரை அதுதான்.

இரண்டாமவரிடம் கொடுத்தோம். 309,180-ஐத் தவிர, 31,000 ரிங்கிட்டைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்தோம். பத்தில் ஒரு பங்கு. சமையலறை அலமாரிக்கு அதிலிருந்து எடுக்கலாமா என்று அம்மா கேட்டபோதும் தொடவில்லை.

நல்லவேளை. பைலிங் இயந்திரம் வந்து இறங்கியபோது 18 மீட்டரில் தரை தாங்கவில்லை, 21 வரை போக வேண்டியிருந்தது. 72 மீட்டர் கூடுதல், மீட்டருக்கு 70, ஆக 5,040 ரிங்கிட். விலை முன்பே எழுதியிருந்ததால் பேரமும் இல்லை, கோபமும் இல்லை. ஒதுக்கிய பணத்திலிருந்து அன்றே கொடுத்தோம்.

இப்போது கூரை ஏறிவிட்டது. மாமா இன்னும் வந்து பார்க்கவில்லை. போன வாரம் அப்பா அவருக்குப் போன் செய்து, கதவு, ஜன்னல் மரத்தைப் பார்த்துத் தர வரச் சொல்லியிருக்கிறார். "வர்றேன்னு சொன்னான்" என்கிறார் அப்பா. புதுமனைப் புகுவிழா அழைப்பிதழை முதலில் யாருக்குக் கொடுப்பது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை.