இணைப்பு நிரலில் வழுக்காணும் நெறி

இரண்டு கணினிகள் தம்முள் உரையாடுதற்கு இரண்டு நிரல்கள் வேண்டும். அழைப்பை எதிர்நோக்கிக் காத்திருப்பது ஒன்று. அதனைச் சேவையகம் என்பர். தேவைப்பட்டபோது அழைப்பது மற்றொன்று. அதனைக் கிளையன்ற் என்பர். இவ்விரண்டும் பேசும் வாயில் 'சொக்கெற்' எனப்படும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தார் 1983 ஆம் ஆண்டில் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பின் வாயிலாக இம்முறை பரவலாயிற்று. சி மொழியில் அன்று வகுக்கப்பட்ட முறையே இன்றும் பெரும்பாலும் வழங்குகின்றது.

இதனைப் புதிதாகக் கற்கும் மாணாக்கர் ஒரே கணினியில் இரு நிரல்களையும் இயக்கிப் பார்த்து, "ஓடுகின்றது" என மகிழ்வர். ஓடுதல் வேறு, வழுவின்றி ஓடுதல் வேறு. இவ்வேறுபாட்டை விளக்கி, வழுக்காணும் நெறியைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது வழு, மறுமொழியைக் கேளாமை. சேவையகம் சொக்கெற், பைண்ட், லிசின், அக்செப்ற் என்னும் நான்கு செயற்கூறுகளை முறையே அழைக்கும். கிளையன்ற் சொக்கெற், கனெக்ற் என்னும் இரண்டனை அழைக்கும். இவற்றுள் எது தோல்வியுறினும் -1 என்னும் விடையைத் தந்து, காரணத்தை 'எர்நோ' என்பதிற் குறித்து வைக்கும். 'பெரர்' என்னும் செயற்கூறு அக்காரணத்தைச் சொற்களாற் காட்டும். தொடக்கநிலை மாணாக்கர் பலர் இவ்விடையை நோக்குவதேயில்லை.

அதனால் விளைவது யாதெனின், சேவையகத்தை நிறுத்திவிட்டு உடனே மீண்டும் தொடக்கினால், பழைய இணைப்பின் எச்சம் நீங்காமையாற் பைண்ட் தோல்வியுறலாம். லினக்ஸில் இவ்வெச்சம் 60 செக்கன் வரை நிற்கும். பைண்ட் தோற்றதை அறியாது லிசினை அழைத்தால், லினக்ஸ் தானே வேறொரு துறையெண்ணைக் கொடுத்துவிடும். சேவையகம் ஒரு துறையிற் காத்திருக்க, கிளையன்ற் வேறொரு துறையைத் தட்டி, "இணைப்பு மறுக்கப்பட்டது" என்னும் விடையைப் பெறும். மாணாக்கரோ கிளையன்றைத் திருத்தத் தொடங்குவர். நோய் ஓரிடத்து, வலி வேறோரிடத்து. பைண்டுக்கு முன்னர் 'செற்-சொக்-ஒப்ற்' மூலம் 'ரியூஸ் அட்றஸ்' என்னும் தெரிவை அமைத்தல் இதற்கு மருந்தாகும்.

இரண்டாவது, அடைப்புக்குறி வழு. அக்செப்ற் தரும் எண்ணை ஒரு மாறியில் இட்டு, அது சுழியிலும் சிறிதோ என ஒரே வரியில் வினவுவது வழக்கம். இடும் பகுதியை அடைப்புக்குறிக்குள் வையாவிடின், சி மொழி ஒப்பீட்டையே முதலிற் செய்யும். அக்செப்ற் 4 என்னும் எண்ணைத் தந்து வெற்றி பெற்றாலும், "4 சுழியிலும் சிறிதன்று" என்பதன் விடையாகிய 0 மாறியிற் புகும். 0 என்பதோ விசைப்பலகைக்குரிய எண். ஆகவே, சேவையகம் கிளையன்றை விடுத்து, விசைப்பலகையில் எவரேனும் எழுதுவாரோ எனக் காத்திருக்கும்!

மூன்றாவது, எண்வரிசை வழு. வலையமைப்பில் எண்ணின் உயர்பகுதி முன்னே செல்லும். நாம் வழங்கும் கணினிகளிற் பெரும்பாலானவை தாழ்பகுதியை முன்னே வைக்கும். ஆதலின், துறையெண்ணை 'எச்-ரி-ஓ-என்-எஸ்' என்னும் செயற்கூற்றால் மாற்றியே கொடுத்தல் வேண்டும். மறந்தால் 8080 என்பது 36895 ஆகிவிடும். இரு நிரல்களிலும் ஒருங்கே மறந்தாலோ, இரண்டும் 36895 இற் சந்தித்துச் செவ்வனே பேசும். இது வழுவமைதியன்று, மறைந்து நிற்கும் வழுவேயாம். பிறர் எழுதிய நல்ல நிரலோடு பேசப் புகும் நாளில் அது வெளிப்படும்.

நான்காவது, எல்லை காணா வழு. ரீசீபி என்னும் நெறியில் எழுத்துக்கள் ஒழுக்காக வருமேயன்றிச் செய்திகளாகப் பிரிந்து வருவதில்லை. ஏட்டுச்சுவடியிற் சொற்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லுமாறு போல, இரண்டு செய்திகள் ஒன்றாய் வரலாம். ஒன்று இரண்டாயும் வரலாம். தன் கணினிக்குள் குறுஞ்செய்தி பெரும்பாலும் முழுமையாய் வருதலால் இவ்வழு தெரிவதில்லை. செய்தியின் ஈற்றில் ஒரு குறியிட்டோ, முன்னே அதன் நீளத்தை அறிவித்தோ, முழுவதும் வரும்வரை மீளமீளப் படித்தல் வேண்டும். படிக்கும் செயற்கூறு 0 தருமாயின் மறுபக்கத்தார் பேச்சை முடித்தனர் என்க. அது சரத்தின் ஈற்றுக்குறியை இடுவதுமில்லை. ஆதலின், 1024 இடமுள்ள கொள்கலத்தில் 1023 வரையே படித்து, படித்தவற்றின் ஈற்றில் அக்குறியை நாமே இடல் வேண்டும்.

இனி நெறியைக் கூறுவாம். இரு நிரல்களும் ஐயத்துக்குரியனவாயின் வழு யாண்டுளது எனத் துணிதல் அரிது. ஆகவே, ஒருபுறத்தை நீக்கி, அவ்விடத்தில் 'நெற்கற்' என்னும் நம்பத்தகுந்த கருவியை வைத்துப் பார்க்க. சேவையகம் அதனோடு நன்கு பேசுமாயின், அடுத்துக் கிளையன்றையே ஆராய்க. லினக்ஸில் 'எஸ்ட்ரேஸ்' என்னும் கருவி, நிரல் அழைத்த அழைப்புக்களையும் பெற்ற விடைகளையும் வரிசையாகக் காட்டும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. பலவற்றை ஒருங்கே மாற்றி நிரல் ஓடிவிட்டால், எது நோயென்றும் எது மருந்தென்றும் அறியாதே போவோம். இறுதியில், இரு நிரல்களையும் வெவ்வேறு கணினிகளில் இட்டுச் சோதிக்க.

சுவடிகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்த நம் முன்னோர், பொருள் விளங்கியது போலத் தோன்றிய இடத்தையும் மற்றொரு பிரதியோடு ஒத்துப்பார்த்த பின்னரே பாடத்தைத் துணிந்தனர். நிரல் எழுதும் இளைஞர்க்கும் வேண்டுவது அப்பொறுமையே. தம் வீட்டில் ஓடியதைக் கொண்டு அமையாது, அயலாரோடும் பிழையின்றிப் பேசும் நிரலையே நிரல் எனக் கொள்வாராக.