டிக்கெட்டில் ஒரு மணி நேரம்... வீட்டுக்கு வீடு எத்தனை மணி நேரம்?

"கோயமுத்தூர்ல ஏறினா ஒரு மணி நேரத்துல மெட்ராஸ்" என்று எங்கள் திருப்பூரில் பலரும் சொல்வார்கள். விமான டிக்கெட்டிலும் 1 மணி 10 நிமிஷம் போலத்தான் போட்டிருக்கும்.

பீளமேடு விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் சுமார் 400 கி.மீ. "மணிக்கு 800 கி.மீ. போற ஜெட் விமானத்துக்கு அது அரை மணி நேரம்தானேம்மா?" என்று என் மகன் கேட்டான். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது, ஓடுபாதைக்குப் போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்குக் காத்திருப்பது, இறங்கி வந்து நிற்பது எல்லாமே டிக்கெட் நேரத்தில் சேர்த்திதான். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே. ஆனால், நம்ம வீட்டு வாசலிலிருந்து விமானம் வரை ஆகிற நேரம் எந்த டிக்கெட்டிலும் இருக்காது.

போன வருஷம் ஒருநாள் விடிகாலை 4 மணிக்குப் போன் வந்தது. சென்னை பெரம்பூரில் பெரியம்மா தவறிவிட்டார், மதியம் 3 மணிக்கு எடுத்துவிடுவார்கள் என்றார்கள். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். "எப்படியாச்சும் முகத்தைப் பாத்துரோணும் கண்ணு" என்று அழுதார். "பிளைட்டுலயே போயிரலாங்க்கா" என்றான் தம்பி.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். சீட் இருந்த விமானம் 9.30-க்கு. அவினாசி வழியாகப் பீளமேட்டுக்கு 45 கி.மீ., காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். அதனால் 6.15-க்கே வீட்டை விட்டுக் கிளம்பணும். மீனம்பாக்கத்தில் 10.40. பெட்டியை எடுத்து வெளியே வர 11.15. அங்கிருந்து ஊரின் இன்னொரு கோடியில் இருக்கும் பெரம்பூர் போய்ச் சேர 12.30 ஆகிவிடும்.

ரயிலையும் பார்த்தேன். 2023 ஏப்ரலில் விட்ட வந்தே பாரத், கோவையில் காலை 6 மணிக்குக் கிளம்பி, திருப்பூரில் நின்று, 11.50-க்கு சென்ட்ரல் வந்துவிடும். பெரம்பூர் அங்கிருந்து கிட்டத்தில்தான். அதே 12.30!

விமானத்துக்கு ஆளுக்கு ஆறாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். ரயிலுக்கு அதில் கால் பங்குதான். நல்லவேளையாக மூன்று சீட் கிடைத்தது. முழங்கால் வலிக்காரரான அம்மாவுக்கு அதிக நடையும் இல்லை. ஒன்றரை மணிக்கெல்லாம் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மிச்சமான பணம் பெரியம்மாவின் காரியச் செலவுக்கு உதவியது.

விமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிற இடம் தாம்பரம், பல்லாவரம் பக்கமென்றால் விமானம்தான் முந்தும். காலை ரயில் போய்விட்டாலும் விமானம்தான் கதி. அவசரத்தில் டிக்கெட் எடுக்கும் முன், சகோதரிகளே, வாசலிலிருந்து வாசல் வரை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

- ஒரு குடும்பத் தலைவி, திருப்பூர்.