ஆத்தூர் வரை வந்த அமெரிக்கப் பணம்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில், சின்னாளபட்டியை ஒட்டிக் காந்திகிராமம் இருக்கிறது. அங்குள்ள ஊரக சுகாதார, குடும்ப நலப் பயிற்சி நிறுவனம் 1964-ல் தொடங்கப்பட்டது. பணம் கொடுத்தது மூன்று தரப்பு: மத்திய அரசு, மெட்ராஸ் அரசு, அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை. கார் கம்பெனிக் குடும்பம் 1936-ல் தொடங்கிய அதே அறக்கட்டளைதான். அப்போது டெல்லியில் அதன் பொறுப்பாளராக இருந்தவர் டக்ளஸ் என்ஸ்மிங்கர். எந்த நகரத்தின் விதியையும் எழுதும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஆனாலும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் முதல் பெருந்திட்டங்கள் எழுதப்பட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இத்தனைக்கும் அவர் நகர ஆள் அல்ல. மிசௌரி மாநிலத்துக்காரர், கிராம சமூகவியல் படித்தவர், அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்தவர். 1951-ல் இந்தியா வந்து 1970 வரை, 19 ஆண்டுகள் இங்கேயே இருந்தார். இவ்வளவு காலம் ஒரே நாற்காலியில் இருக்கும் அதிகாரியை நம் அரசிலேயே பார்ப்பது அரிது. அமைச்சர்களும் செயலர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர் மாறவில்லை. பிரதமர் நேருவை நேரில் பார்த்துப் பேசும் உரிமையும் இருந்தது. அவருடைய செல்வாக்குக்குப் பாதிக் காரணம் பணம் என்றால், மீதிப் பாதி இதுதான்.

முதல் சில ஆண்டுகள் கிராமத்துக்கே போயின. 1952 அக்டோபர் 2-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் ஃபோர்டு பணம் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் தஞ்சாவூருக்கு வந்த தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குப் பின்னாலும், 1959-ல் ஃபோர்டு நிபுணர் குழு கொடுத்த உணவு நெருக்கடி அறிக்கை இருந்தது.

அவரை நகரத்தின் பக்கம் திருப்பியது நோய். 1955 கடைசியில் நஜஃப்கர் ஓடையின் சாக்கடைத் தண்ணீர் யமுனையில் எதிர்த் திசையில் ஏறி, வஜீராபாத் நீரேற்று நிலையத்துக்குள் புகுந்தது. டெல்லியில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. நகரத்தை இனி இப்படியே விட முடியாது என்ற நிலையில் 1957-ல் டெல்லி வளர்ச்சிச் சட்டம் வந்தது. நகரமைப்பு அலுவலகத்துக்கு உதவ, ஃபோர்டு செலவில் ஆல்பர்ட் மேயர் தலைமையில் ஒரு குழு வந்தது. (பெயர்தான் மேயர், ஆள் நியூயார்க் கட்டடக் கலைஞர்.) 1962-ல் டெல்லி மாஸ்டர் பிளான் நடைமுறைக்கு வந்தது.

கல்கத்தாவில் காலரா. மேற்கு வங்க முதல்வர் பி.சி.ராய் தானே ஒரு டாக்டர் என்பதால் விஷயம் அவருக்குச் சட்டென்று புரிந்தது. 1961-ல் கல்கத்தா பெருநகரத் திட்ட அமைப்பு உருவானது. நிபுணர்களுக்கான செலவை ஃபோர்டு ஏற்றது. அடுத்த ஆண்டே ராய் இறந்துபோனார். 1966-ல் அடிப்படை வளர்ச்சித் திட்டம் அச்சாகி வந்தது. குடிநீர், வடிகால், சேரிகளை இடிக்காமல் மேம்படுத்துவது என்று நல்ல யோசனைகள் நிறைந்த ஆவணம். ஆனால் அதைக் கையில் எடுத்து நடத்த ஆளில்லை. 1970-ல் தனி ஆணையம் அமைத்து மத்திய அரசு பணம் இறக்கிய பிறகே வேலை நகர்ந்தது. அந்த ஆண்டு என்ஸ்மிங்கர் மூட்டை கட்டிவிட்டார்.

ஓர் அறக்கட்டளைத் தலைவர் கொள்கையில் எப்படித் தலையிடுகிறார் என்பது இதில் தெரியும். அவர் உத்தரவு போடுவதில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேடலாம் என்று தேர்ந்தெடுக்கிறார். அரசாங்கக் கோப்பு மேசை மேசையாக நகரும் காலத்துக்குள் நிபுணரைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். திட்டத்தை எழுத வைக்கும் வரை அவரால் முடியும். நடத்துவது வேறு யாராவது. வாக்கு கேட்டு வராதவர் இதைச் செய்யலாமா, அதுவும் பனிப்போர்க் காலத்து அமெரிக்கர் செய்யலாமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களை அழைத்ததும் நம் அரசுகளே.

காந்திகிராமம் இருக்கும் ஆத்தூர் வட்டாரத்தில் அந்த 'வேறு யாராவது' தயாராக இருந்தார். டாக்டர் டி.எஸ்.சௌந்தரம் டி.வி.எஸ். நிறுவனரின் மகள், இளம் வயதில் விதவையாகி, டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்தவர், கணவர் ஜி.ராமச்சந்திரனோடு 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கியவர். 1952-ல் ஆத்தூர் தொகுதி எம்.எல்.ஏ., 1962-ல் திண்டுக்கல் எம்.பி. 1959-ல் சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியபோது, கஸ்தூர்பா மருத்துவமனையும் ஊர்க்காரர்களின் நம்பிக்கையும் ஏற்கெனவே கையில் இருந்தன. நர்ஸ் வீடு வீடாகப் போனார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார்கள். தொடக்கத்தில் ஆயிரம் பேருக்கு நாற்பதுக்கு மேல் இருந்த பிறப்பு விகிதம், பத்தே ஆண்டில் முப்பதுக்குக் கீழே இறங்கியது. 'ஆத்தூர் அனுபவம்' என்ற பெயரில் அது வெளிநாடுகள் வரை பேசப்பட்டது.

இதில் திண்டுக்கல் டவுன் எங்கே? எங்கேயும் இல்லை. 1866-லேயே நகராட்சியான ஊர். 1961-ல் மக்கள்தொகை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கிராமத்துக்கு ஆத்தூர் மாதிரி, மாநகரத்துக்கு டெல்லி மாதிரி என்று பணம் இரண்டு கரைகளில் மட்டும் இறங்கியது. நடுவில் இருந்த நூற்றுக்கணக்கான டவுன்களை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. என்ஸ்மிங்கரின் கணக்கில் எனக்குத் தெரிகிற பெரிய ஓட்டை இதுதான்.

திண்டுக்கல்லை எட்டிப் பார்த்திருந்தால் முதலில் தோல் ஷாப்புகள் கண்ணில் பட்டிருக்கும். பதனிடும் உப்பும் ரசாயனமும் கலந்த கழிவு, ஊரைச் சுற்றியிருந்த குளங்களுக்கும் கிணறுகளுக்கும் போனது. விவசாயக் கிணறுகளில் தண்ணீர் கரித்தது. 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அது பெயர் சொன்ன மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய வழக்குகளில் அது முக்கியமானது. கிணறு கெட்ட பிறகு வந்த தீர்ப்பு.

டெல்லி பாணித் திட்டம் வந்திருந்தாலும் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. அந்த மாஸ்டர் பிளான் வீட்டையும் தொழிலையும் தனித்தனி மண்டலமாகப் பிரித்தது. திண்டுக்கல் நாகல் நகரில் திண்ணையில் உட்கார்ந்து அரத்தால் தேய்த்து மாங்காய்ப் பூட்டுக்குச் சாவி பொருத்துகிறவரின் பட்டறையை, அந்தச் சட்டகம் விதிமீறல் என்றே எழுதியிருக்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, அப்படித் தப்பியது என்றும் சொல்லலாம்.

திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் ஆதாரங்களில் ஒன்று ஆத்தூர் காமராஜர் அணை. அறக்கட்டளைப் பணம் அணை இருக்கும் வட்டாரத்துக்கு வந்தது. குழாய் முடியும் ஊருக்கு வரவில்லை. திண்டுக்கல் 2014-ல் மாநகராட்சியானது. லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊர்களுக்காக 2015-ல் தொடங்கிய அம்ருத் திட்டப் பட்டியலில், குடிநீருக்கும் வடிகாலுக்கும் தேசிய அளவில் பணம் ஒதுக்கும் கணக்கில் அதன் பெயர் ஏறியது. அதற்குள் 2011 கணக்கெடுப்பிலேயே ஊரின் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.