புள்ளி பிழையாப் படிகள்

மெய்யெழுத்தின் தலைப்புள்ளி அழியின் ‘பல்’ என்பது ‘பல’ ஆகும். பழைய அச்சுத்தாள்களைப் படமாக்கிப் பேணுவோர் இதனை மறத்தலாகாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரியுண்டன. 2005இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளைப் படமாக்கி இணையத்திற் சேர்த்து வருகின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இல்லங்களின் அலுமாரிகளிற் கிடக்கும் பழைய மலர்களையும் நாம் இவ்வாறு காத்தல் கூடும். அதற்குக் கோப்பின் வகையறிதல் இன்றியமையாதது.

ஜேபெக் வகை, கண்ணுக்கு எளிதிற் புலனாகாத நுண்மைகளை நீக்கிப் படத்தைச் சுருக்குவது. திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பு மிகலாம், எழுத்தின் ஓரங் கலங்கும், புள்ளி மங்கும். 1996இல் வெளிவந்த பிஎன்ஜியோ எதனையும் நீக்குவதில்லை. முன்வந்த கோவை மீண்டும் வருமிடத்து, கணக்கேட்டில் ‘மேற்படி’ என எழுதுவார்போல, அதனைச் சுட்டிச் செல்லும். கூகிள் 2010இல் அறிமுகஞ்செய்த வெப்பி, இழப்புள்ளது, இழப்பிலது என இருவகைப்படும்.

வெப்பிக் கோப்புகளைத் திறக்கவும் எழுதவும் கிம்ப் மென்பொருள் 2018இன் 2.10 பதிப்பிலும், போட்டோஷொப் 2022இன் 23.2 பதிப்பிலும் தாமே வல்லனவாயின. எழுதும்பொழுது தோன்றும் பெட்டியில் இழப்பிலா முறையைத் தெரிதல் வேண்டும். இருவகைக்கும் பெயரின் ஈறு ஒன்றே; ஆதலின் பின்னர்ப் பெயர் நோக்கி வேறுபாடு காண்டல் இயலாது.

ஜேபெக்காக வந்ததனைப் பிஎன்ஜியாக மாற்றினும் இழந்த நுண்மை மீளாது. ஆகவே தாளினின்று எடுக்கும் முதற்படியே இழப்பிலாப் படியாதல் வேண்டும். பிறருக்கு அனுப்பும் சிறுபடிகளை அதனின்று எத்துணையும் ஆக்கலாம்.