ரைஸ்கிரீக்: கடைக்கு வராத சில்லு

அடையாறை ஒட்டிய ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில், பேராசிரியர் வி. காமகோடியின் குழு வடிவமைத்த ‘சக்தி’ செயலி வரிசையின் சோதனைச் சில்லு, ரைஸ்கிரீக். 2018இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள இன்டெல் ஆலை, 22 நானோமீட்டர் நுட்பத்தில் இதில் 300 செய்து கொடுத்தது. லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டு இதே வரிசையின் ‘ரிமோ’ சில்லு சண்டிகரில் 180 நானோமீட்டரில் உருவானது; வேகம் குறைவு, ஆனால் பிறந்த நாடு இந்தியா.

இவை விற்பனைக்கல்ல, வடிவமைப்பு சரிதானா என்று பார்ப்பதற்கு. சேகரிப்பாளர்களுக்கு நாவூறுவதும் இப்படிப்பட்டவற்றுக்குத்தான். கமடோர் நிறுவனம் 1990-91இல் உருவாக்கி, வெளியிடாமலே கைவிட்ட ‘கமடோர் 65’ வீட்டுக் கணினியின் மாதிரிகள், 1994இல் நிறுவனம் மூழ்கிய பிறகு வெளியே கசிந்தன. அரைகுறை மென்பொருள், பலகைக்குப் பலகை மாறும் திருத்தங்கள் என்று குறைகளே அவற்றின் மதிப்பை ஏற்றின. ஏலத்தில் ஒன்று பல லட்சம் ரூபாய்க்குப் போகிறது.

சக்தியில் ஒரு வேடிக்கை உண்டு. இதன் வடிவமைப்பு திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அரிதானது இந்தச் சிலிக்கான் துண்டு மட்டும்தான். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவை அலசினாலும் அகப்படுவது சந்தேகம்.