கேட்கும் நேரம் – 9: சிவப்பு மை, நீல மை

போன வாரம் ஓரேபுக் குகை வாசலில் எலியாவோடு நின்றோம். காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் கிடைக்காத ஆண்டவர் அவருக்கு ஒரு மெல்லிய ஒலியில் கிடைத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வேலையும் வீடுமாக ஓடுகிறவர்கள் ஆண்டவரின் சித்தத்தைக் கேட்க எப்படி நேரம் எடுப்பது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். லொயோலா இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் அதற்கென்றே ஒரு குறிப்பு இருக்கிறது. அது எப்படிப்பட்ட வாழ்க்கையிலிருந்து பிறந்தது என்று பார்க்க அவருடைய தன்வரலாற்றை எடுத்தேன். அதில் வரும் இரண்டு நிற மை என்னைப் பிடித்துக்கொண்டது. கட்டுரை அனுப்பும் நேரம் நெருங்கியும் விடவில்லை.

கதையின் தொடக்கம் பலருக்கும் தெரியும். 1521 மே 20 அன்று பம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, ஒரு பீரங்கிக் குண்டு இனிகோ என்ற இயற்பெயர் கொண்ட இஞ்ஞாசியாரின் வலக்காலை நொறுக்கி, இடக்காலையும் காயப்படுத்தியது. அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். வென்ற பிரெஞ்சுக்காரர்களே கட்டுப்போட்டுத் தூக்குப்படுக்கையில் லொயோலாவில் இருந்த அவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். எலும்பு சரியாகக் கூடவில்லை என்று அங்கே மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். ஜூன் கடைசியில் ஓர் இரவு, நள்ளிரவுக்குள் தேறாவிட்டால் பிழைக்க மாட்டார் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்; அந்த நள்ளிரவில்தான் தேறத் தொடங்கினார். பிறகு முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அந்தக் காலோடு இறுக்கமான பூட்ஸ் போட முடியாது என்பதற்காக, வலியைத் தாங்கிக்கொண்டு அதை அறுத்தெடுக்கச் சொன்னவரும் அவரே. மயக்க மருந்து இல்லாத காலம் அது.

மாதக்கணக்கில் படுக்கை. பொழுது போக வீரர்களின் சாகசக் கதைப் புத்தகம் கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. சாக்சனி லுதோல்ஃப் என்ற துறவி 14-ம் நூற்றாண்டில் எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கையும், புனிதர்களின் வரலாறும்தான் காஸ்தீலிய மொழியில் கிடைத்தன. வேறு வழியில்லாமல் படித்தார், பிறகு விரும்பிப் படித்தார். எழுந்து வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியதும், பிடித்த பகுதிகளை எழுதிவைக்க ஆரம்பித்தார். வழவழப்பாகத் தேய்த்துக் கோடு போட்ட தாள், அழகான கையெழுத்து. கிறிஸ்துவின் சொற்கள் சிவப்பு மையில், அன்னை மரியாவின் சொற்கள் நீல மையில். கிட்டத்தட்ட 300 தாள்!

இதை எத்தனை தடவை படித்தும் எனக்குத் தீரவில்லை. நிறம் பார்த்து எழுதுகிறவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்றுதான் ஆக வேண்டும். இப்போது பேசுவது யார்? ஆண்டவரா, அன்னையா, கதை சொல்கிறவரா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த எழுத்தை எழுத முடியாது. நான்கு நற்செய்திகளிலும் அன்னை வாய் திறக்கும் காட்சிகள் நான்குதான்: கபிரியேல் வந்தபோது, எலிசபெத்தின் வீட்டில், எருசலேம் ஆலயத்தில் மகனைக் கண்டபோது, கானாவூர்த் திருமணத்தில். லுதோல்ஃபின் நூல் நற்செய்தியை விரித்து எழுதியது; அதில் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். ஆனாலும் பக்கம் பக்கமாக அந்த நீல மை தொடப்படாமல் இருந்திருக்கும். வாளையே பிடித்துப் பழகிய கை, ஒரு சொல் வருவதற்காக அத்தனை பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது. யாரும் கேட்காமல், எந்தக் கெடுவும் இல்லாமல். இறைவன் தன்னிடம் பேச வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே, அவர் பேசும் இடத்தை நிறம் பிரித்துக் காணப் பழகிவிட்டார் என்று எனக்குப் படுகிறது.

அதே மாதங்களில் இன்னொன்றும் நடந்தது. படிக்காத நேரத்தில் அவர் மனம் கனவில் மிதந்தது. ஓர் உயர்குலப் பெண்மணிக்காக என்னென்ன வீரச்செயல் செய்யலாம், அவரிடம் எப்படிப் பேசலாம் என்று இரண்டு, மூன்று, நான்கு மணி நேரம் போவதே தெரியாமல் நினைத்துக்கொண்டிருப்பார். வேறு சமயங்களில், பிரான்சிஸ் அசிசியாரும் தோமினிக்கும் செய்ததைத் தானும் செய்தால் என்ன, வெறுங்காலோடு எருசலேம் போனால் என்ன என்று கற்பனை ஓடும். இரண்டும் ஓடும்போது இனித்தன. ஓடி முடிந்த பிறகுதான் வேறுபாடு. முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது கலைந்த பிறகும் மகிழ்ச்சி அப்படியே நின்றது. வெகுநாள் இதை அவர் கவனிக்கவில்லை. ஒருநாள் கொஞ்சம் கண் திறந்தது. ஏன் இப்படி என்று வியந்தார். ‘தெளிந்து தேர்தல்’ என்று இன்று நாம் சொல்லும் பயிற்சி முழுவதும் அந்த வியப்பிலிருந்து வளர்ந்ததுதான்.

இந்தத் தொடரில் வாரா வாரம் நான் சுற்றிச் சுற்றி வருவதும் இங்கேதான். அவசரத்தில் இருப்பவருக்கு ஓர் எண்ணம் வருவது தெரியும். அது போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்பது தெரிய வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அதற்குள் அடுத்த வேலை வந்துவிடுகிறது. எண்ணம் வரும்போது எல்லாமே நல்லதாகத்தான் தோன்றும்: வெளிநாட்டு வேலை, இந்த வரன், அந்தப் படிப்பு, முழுநேர ஊழியம். இறைவனின் சித்தத்துக்கான அடையாளத்தை இஞ்ஞாசியார் கண்டது, எண்ணம் விட்டுப்போன இடத்தில். அந்த இடத்தைப் பார்க்கும்வரை காத்திருப்பதைத்தான் அவசரமில்லாத நேரம் என்கிறேன்.

காத்திருக்காமல் முடிவெடுத்த அனுபவமும் அவருக்கு உண்டு. குணமாகி, 1522-ல் மொன்செராத் மலைக்குக் கோவேறு கழுதையில் போகும் வழியில் ஒரு மூர் இனத்தவரோடு பேச்சு வந்தது. அன்னை மரியாவின் கன்னிமையைப் பற்றி அந்த மனிதர் மறுத்துப் பேசிவிட்டு விரைந்து முன்னே போய்விட்டார். அன்னையின் மானத்தைக் காக்கத் தவறினோமோ, தேடிப்போய்க் கத்தியால் குத்த வேண்டுமோ என்று இனிகோவின் மனம் கொதித்தது. யோசித்து யோசித்து முடியாமல், பாதை பிரியும் இடத்தில் கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். அது அந்த மனிதர் போன ஊர்ப்பக்கம் திரும்பினால் குத்துவது, நெடுஞ்சாலையில் போனால் விட்டுவிடுவது. ஊர் ஏறக்குறைய நாற்பது எட்டுத் தூரத்தில்தான் இருந்தது, அதற்குப் போகும் பாதையும் அகலமானது. கழுதை நெடுஞ்சாலையில் போனது. ஓர் உயிர் தப்பியது. கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தில் திருமண முடிவை எடுக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கழுதை எனக்கு நினைவுக்கு வரும். புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த அட்டை எடுத்து, அந்த வசனத்தை ஆண்டு முழுதும் சுமந்து ஜெபிப்பது அழகான பழக்கம். நாம் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வியை அந்த அட்டையிடம் ஒப்படைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

மொன்செராத்தில் அன்னையின் பீடத்துக்கு முன் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து, வாளையும் குத்துவாளையும் அங்கேயே விட்டார். அருகிலுள்ள மன்ரேசா ஊரில் சில நாள் தங்கிப் போகலாம் என்றுதான் இறங்கினார். எதற்காகத் தெரியுமா? கையோடு பத்திரமாகக் கொண்டுவந்த அந்த நோட்டில் இன்னும் சிலவற்றை எழுதிக்கொள்ள! சில நாள் என்று நினைத்தது பத்து மாதத்தைத் தாண்டியது. தினமும் ஏழு மணி நேரம் முழங்காலில் ஜெபம். பாவ அச்சம் வாட்டியது, தற்கொலை எண்ணம்கூட வந்தது. அதையும் கடந்த பின், கார்தோனேர் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது ஒரு தெளிவு கிடைத்தது. அறுபது வயதைத் தாண்டியபின் அவர் சொன்னது இது: வாழ்நாள் முழுதும் பெற்ற உதவிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த ஒரு தருணத்துக்கு ஈடாகாது.

அதன் பிறகும் அவருடைய வழி சட்டென்று திறக்கவில்லை. 1523-ல் எருசலேம் போனார், அங்கேயே வாழ்நாளைக் கழிப்பதாக உறுதி கொண்டிருந்தார். புனித இடங்களைக் காத்துவந்த பிரான்சிஸ்கன் துறவிகளின் தலைவர் தங்க அனுமதிக்கவில்லை. திரும்பிவந்து, முப்பது வயதைக் கடந்தவர் பார்சலோனாவில் சிறுவர்களுக்கான லத்தீன் பாடத்தைத் தொடங்கினார். இலக்கணம் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தாலே ஆன்மீக இன்பங்கள் வந்து பொழிந்தன. ஜெபத்தில்கூட இவ்வளவு வருவதில்லையே, படிக்கும் நேரத்தில் மட்டும் ஏன் என்று யோசித்தார். அது தன்னைப் பாடத்திலிருந்து இழுக்கும் சோதனை என்று கண்டுகொண்டார். ஆசிரியரிடம் போய், ஒரு பாடத்தையும் தவறவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த இன்பங்கள் நின்றன. இனிக்கிறது என்பது மட்டும் போதாது, அது எங்கே கொண்டுபோகிறது என்று கடைசிவரை பார்க்க வேண்டும் என்பதை அவர் கற்றது இப்படித்தான். அவர் தொடங்கிய இயேசு சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது 1540-ல். பீரங்கிக் குண்டிலிருந்து எண்ணினால் 19 ஆண்டு.

இந்த வாழ்க்கையிலிருந்து வந்த நூல்தான் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’. 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார். நான்கு ‘வாரம்’, ஏறக்குறைய 30 நாள் மௌனம். அதில் இரண்டு அறிவுரைகளை மட்டும் இன்று சொல்கிறேன். ஜெபம் வறண்டு கிடக்கும் நாளில் குறித்த ஒரு மணி நேரத்தைக் குறைக்காதீர்கள், அதற்கு மேலும் சிறிது நேரம் இருங்கள். வறட்சியில் இருக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதீர்கள். பயிற்சி கொடுப்பவருக்கும் ஒரு கட்டளை உண்டு: துலாக்கோலின் முள் போல நடுவில் நில்; படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும். பிள்ளைக்கு எது இறைவனின் திட்டம் என்று முந்திக்கொண்டு சொல்லும் பெற்றோரும் போதகர்களும் அருள்தந்தையரும் இந்த ஒரு வரிக்காகவாவது அந்த நூலைப் படிக்க வேண்டும்.

நம் கடற்கரைக்கு வந்த சவேரியாரும் இந்தப் பயிற்சிக்குள் உட்கார்ந்து எழுந்தவர். பாரிஸில் கல்லூரி ஆசிரியராக இருந்ததால், இஞ்ஞாசியாரின் மற்றத் தோழர்களோடு சேர்ந்து அவரால் அதைச் செய்ய முடியவில்லை. 1534 ஆகஸ்டு 15-ல் மோன்மார்த்தர் குன்றில் எல்லோரும் சேர்ந்து வாக்குறுதி எடுத்த பிறகே அவருக்கு அந்த ஓய்வு கிடைத்தது. முத்துக்குளித்துறையில் 1542 முதல் ஊர் ஊராக மணி அடித்து நடந்த அந்த ஓயாத கால்களுக்கு முன்னால், அசையாமல் உட்கார்ந்த நாட்கள் இருந்தன. மணப்பாட்டுக் கடலோரக் குகையை அவர் ஜெபித்த இடம் என்று இன்றும் மக்கள் தேடிப்போகிறார்கள்.

வேலையை விட முடியாதவர்களுக்கு, தினம் ஒன்றரை மணி நேரத்தைக் கொண்டே இதையெல்லாம் செய்ய வழி சொல்லும் 19-ம் குறிப்பை அடுத்த வாரம் எழுதுகிறேன். பேதுரு ஃபாபரும் அப்போது வருவார். திருமணமா, மருத்துவமா, சட்டமா, துறவறமா என்று தீர்மானிக்க முடியாமல் தவித்த இளைஞர். இஞ்ஞாசியார் அவரை நான்காண்டு காக்கவைத்துத்தான் பயிற்சி கொடுத்தார். பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள வீடுகள் அவசியம் படியுங்கள். அதுவரை ஒன்று செய்யலாம். உங்களை நச்சரித்துக்கொண்டிருக்கும் ஒரு விருப்பத்தை எடுத்து, அதைப் பற்றி முழுதாக நினைத்து முடியுங்கள். முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். உள்ளே மிஞ்சியிருப்பது வறட்சியா மகிழ்ச்சியா என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டாம். வாரம் முழுக்க எழுதுங்கள்.