காவல்காரனே வீட்டைத் தாக்கினால்?

நம் ரத்தத்தில் 'பி' செல்கள் உண்டு. கிருமியை எதிர்க்க ஆன்ட்டிபாடி தயாரிப்பது இவற்றின் வேலை. இவற்றில் சில, நம் உடம்பையே எதிரியாக நினைக்கும். அப்படிப்பட்டவற்றில் பலவற்றை எலும்பு மஜ்ஜையிலேயே உடம்பு அழித்துவிடும். தப்பியவற்றை அடக்கி வைக்கும்.

'லூபஸ்' நோயில் என்ன ஆகிறது? செத்த செல்களின் குப்பை சரியாக அகற்றப்படுவதில்லை. அதிலுள்ள டி.என்.ஏ.வை விழுங்கும் பி செல், 'கிருமி வந்துடுச்சு' என்று ஏமாந்து விழித்துக்கொள்கிறது. 'டி' செல்களும் துணைக்கு வர, ஆன்ட்டிபாடி பெருகி சிறுநீரகத்தில் படிகிறது.

வெயிலில் தோல் செல்கள் செத்தால் குப்பை கூடும். அதனால்தான் டாக்டர்கள், 'வெயில்ல அலையாதீங்க' என்கிறார்கள்.

லூபஸ் நோயாளிகளில் 10-ல் 9 பேர் பெண்கள். மூட்டுவலி குறைஞ்சிடுச்சு என்று நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள். சிறுநீரகம் வலிக்காமலே கெடும். சிறுநீரில் புரோட்டீன் இறங்குகிறதா என்று பார்த்தால்தான் தெரியும்!